அம்மா கேட்ட இரண்டு மீன்கள்

என் அம்மா மங்களம் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் மூலைகளைத்தான் பார்ப்பாள். சுவரும் தரையும் சேருகிற இடம், கதவின் பின்பக்கம், ஸ்விட்ச் போர்டின் மேல்விளிம்பு. அங்கே ஒன்றும் சொல்லமாட்டாள். வெளியே வந்து தெருமுனை திரும்பிய பிறகுதான், "நல்ல மனுஷங்கதான். ஆனா ஃபேன் றெக்கைய பாத்தியா தீபு?" என்பாள். ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பும்போதும் அப்படிச் சொல்லிவிட்டு, அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவள். அப்பா கட்டடங்களுக்கு பெயின்ட் அடிப்பவர். நான் ஏழாவது படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா ஒரு கான்ட்ராக்டர் மூலமாக, ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு கம்பெனியின் ஏழாவது மாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருஷம் அந்த ஒரு மாடிதான். நான் பி.சி.ஏ. முடித்தது அந்த மாடிச் சம்பளத்தில்தான். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் வந்து "டிகிரி படிச்ச பொண்ணு வீடு" என்று கேட்டால் காட்டுவார்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

அம்மாவின் வேலையில் ஒரு பரீட்சை உண்டு. சூப்பர்வைசர் கையில் வெள்ளை டிஷ்யூ பேப்பரோடு வருவார். மேஜையின் அடிப்பக்கம், பைப்பின் கழுத்து, லிஃப்ட் பட்டன் என்று எங்காவது ஒரு இடத்தில் தேய்ப்பார். காகிதத்தில் கறை வந்தால் அன்றைக்கு ரிமார்க். பத்து வருஷத்தில் அம்மாவுக்கு மூன்றே மூன்று ரிமார்க்தான். மூன்றும் எந்தத் தேதி, எந்த இடம் என்று இப்போது கேட்டாலும் சொல்வாள். சுத்தம் என்றால் அவளுக்கு அதுதான்: வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே திரும்பி வரவேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான் என்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஏழாவது மாடி ரிசப்ஷனில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி இருந்தது. ஊழியர்கள் ஒன்பதரைக்கு வருவார்கள். அம்மா ஏழு மணிக்கே போய்விடுவாள். முதல் வேலை அந்தக் கண்ணாடியைத் துடைப்பது. உள்ளே நீலமும் சிவப்புமாகக் கூட்டமாக ஓடும் சின்ன மீன்கள் நிறைய. அவற்றை அவள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெங்கி கொண்டுவந்து விட்ட ஒரு ஜோடிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. வெங்கி மாதம் இரண்டு முறை வந்து தொட்டியைப் பராமரிக்கும் ஆள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், அம்மாவிடம் தமிழ்.

"இது ட்வார்ஃப் சிக்லிட் அக்கா. பெரிய சாதிதான், ஆனா குள்ளம். மத்த மீனு மாதிரி சும்னே சுத்தாது. குடும்பம் பண்ணும்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

ஆண் மீன் ஒரு விரல் நீளம். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் சேவல் கொண்டைபோல நிமிர்ந்திருக்கும், வாலில் ஆரஞ்சுக் கரை. பெண் அதில் பாதிதான், சாம்பல் நிறம். அம்மா அவற்றுக்குத் துரை, துரைசாணி என்று பெயர் வைத்தாள். "எல்லாரும் மீனப் பாத்துட்டுப் போறாங்க. இந்த ரெண்டும்தான் என்னப் பாக்குது" என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். நான் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்பேன்.

ஒருநாள் காலையில் துரைசாணி எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறி, துரையைத் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்ததாம். அம்மா வெங்கிக்கு போன் போட்டாள்.

"வெங்கி, துரைசாணிக்கு மஞ்சக் காமாலையா என்னான்னு தெரியல. புருஷன அண்டவே விடமாட்டேங்குது."

அவன் சிரித்திருக்கிறான். "அக்கா, முட்டை வெச்சிருக்கும் பாரு. பானைக்குள்ள கூரையில ஒட்டியிருக்கும். நீ சொல்லாட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வாக்கியத்தை அம்மா எத்தனை தடவை என்னிடம் சொன்னாள் என்று கணக்கில்லை. நீ சொல்லாட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது. அவள் வேலை பார்த்த இடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வெங்கியிடம் அவளுக்கு ஒரே ஒரு குறை. தொட்டியில் ஃபில்டருக்குள் ஒரு ஸ்பாஞ்சு இருக்கும். அவன் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அந்தக் காப்பி நிறத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை அலசிவிட்டு, பழுப்பு நிறம் மாறாமலேயே திரும்ப உள்ளே வைத்துவிடுவான். பக்கத்திலேயே பான்ட்ரியில் குழாய்.

"ஏம்பா, குழா இருக்குதே. நல்லா கழுவேன்."

"வேணாம் அக்கா. ஹீகே இர்லி, இப்படியே இருக்கட்டும்" என்று சிரிப்பான்.

"நல்ல பையன். வேலையில மட்டும் சோம்பேறி" என்பது அம்மாவின் தீர்ப்பு.

இந்த வருஷம் ஜனவரியில் கம்பெனி அந்த மாடியைக் காலி செய்வதாக முடிவெடுத்தது. பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள், எதற்கு இவ்வளவு இடம் என்று. பிப்ரவரி கடைசியோடு சரி. அட்மின் மேனேஜர் மௌரீன் மேடம், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒருவர் சுழல் நாற்காலி கேட்டார். ஒருவர் மைக்ரோவேவ். அம்மாவின் முறை வந்தது.

"அந்த ரெண்டு மீனு, மேடம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். "மங்களம்மா, ரெண்டு மீனுக்கு குழம்பு பத்தாதும்மா!" என்று செக்யூரிட்டிக்காரர் கத்தியிருக்கிறார்.

மௌரீன் மேடம் சிரிக்கவில்லை. "வளக்க முடியுமா மங்களம்? அது டெலிகேட்டான மீன்னு வெங்கி சொல்வானே."

"என் பொண்ணு டிகிரி படிச்சிருக்கா மேடம். பாத்துக்குவா."

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தீபு, எனக்காக ஒரு வேல பண்ணுவியா?" என்றாள். அம்மா என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. வழக்கமாக அவள் கேட்கமாட்டாள், நான்தான் கேட்பேன். தன் வீட்டில் தன்னுடையது என்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் எதுவும் எனக்கு நினைவில்லை. ஃபீஸ், புத்தகம், பழைய லேப்டாப் எல்லாம் என்னுடையவை. அந்த இரண்டு மீன்கள் எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கவேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

நான் படித்தேன். இன்டர்வியூவுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. வெங்கி எங்கிருந்தோ ஒரு இரண்டடித் தொட்டியும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும் கொண்டுவந்து கொடுத்தான். ஜன்னலிலிருந்து தள்ளி, அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம். அடியில் மெல்லிய மணல், ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி, தேங்காய் ஓடு. போர் தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது, உப்பு அதிகம். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதைத் தனி டிரம்மில் பிடித்து, குளோரின் போக ஒருநாள் திறந்து வைக்கவேண்டும். டிரம் அம்மாவின் பொறுப்பு. அதில் ஒரு தூசி விழவிடமாட்டாள்.

உதிர்ந்த பாதாம் இலைகளைப் போட்டால் தண்ணீர் இந்த மீன்களின் ஆற்றைப்போல ஆகும் என்று படித்தேன். பக்கத்து ஸ்கூல் வாசலில் பாதாம் மரம் இருக்கிறது. அம்மா குனிந்து இலை பொறுக்கினாள். "இத்தன வருஷம் எலயப் பெருக்கிக் கொட்டினேன். இப்ப பொறுக்கி எடுத்து வீட்டுக்குள்ள போடறேன்" என்று அவளுக்கே சிரிப்பு. ஒரு வாரத்தில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

"என்னாடி இது, டிகாஷன் மாதிரி இருக்குது?"

"அப்படித்தாம்மா இருக்கணும்."

"யாராச்சும் வந்தா என்னா நெனப்பாங்க?"

"யாரு வரப்போறாங்க?"

மீன் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான் அந்த வெறும் தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை உணவு போட்டேன். அது அழுகும். அழுகினால் விஷம் உண்டாகும். அந்த விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பெருகி ஸ்பாஞ்சில் குடியேறும். அவை போதுமான அளவு வந்த பிறகுதான் மீனை விடவேண்டும். அந்தப் பழுப்பு அழுக்குதான் தொட்டியின் உயிர். இதைச் சொல்ல எனக்கு இப்போது ஐந்து வரி பிடித்திருக்கிறது. அப்போது அம்மா கேட்டாள்:

"மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடி சோறு போடற?"

"அது ஒரு ப்ராசஸ்ம்மா."

"என்னா ப்ராசஸ்?"

"சொன்னா உனக்குப் புரியாது. விடு."

அவள் விட்டுவிட்டாள். தெருவில் மட்டும் சொல்லிச் சிரித்தாள்: "எம்பொண்ணு காத்துக்கு சோறு போடறா."

என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி, தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஆங்கிலத்தில். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், கன்னடத்தில் பஸ் போர்டு தெரியும். ஆங்கிலம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன்? படித்தது ஆங்கிலத்தில், அப்படியே வந்துவிட்டது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. சுவரில் அது அழகாக இருந்தது. படித்தவள் வீடுபோல.

பிப்ரவரி கடைசி நாள், அம்மா ஏழாவது மாடியில் கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெங்கி கட்டிக்கொடுத்த பாலித்தீன் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். வழியில் ஒவ்வொரு ஹம்ப்புக்கும், "மெல்லப்பா, நெறமாசப் பொம்பள மாதிரி நெனச்சு ஓட்டு" என்றாளாம். டிரைவர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போயிருக்கிறார்.

நான் வீட்டு விளக்கை அணைத்து வைத்திருந்தேன். பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டோம், இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும் என்று. பிறகு மீன்களை ஒரு சின்ன வாளிக்கு மாற்றி, மெடிக்கலில் வாங்கிய சலைன் ட்யூபால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்கினேன். ஒன்றரை மணி நேரம். அம்மா வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"புது எடம். பயமா இருக்கும் பாவம்" என்றாள். "நான் மொத மொத வந்தப்ப ரெண்டு நாளு வாசலுக்கே வரல."

விட்டதும் இரண்டும் மண்சட்டிக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. மறுநாளும் தெரியவில்லை. அம்மா சத்தம் போடாமல் நடந்தாள், குக்கர் விசிலைக்கூடக் கரண்டியால் தூக்கிவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் துரை கொண்டையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. கண்ணாடி ஓரம் வந்து நின்று அவளைப் பார்த்தது. "அட, அடையாளம் தெரியுதுடி!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு நன்றாக இருந்தது. அம்மாவுக்கு வேலை இல்லை, கான்ட்ராக்டர் வேறு இடம் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். எனக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் காலையில் காப்பி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்காருவோம். நான் வாரம் ஒருமுறை கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் விஷம். எப்போதும் மஞ்சள்தான். எனக்கு அதில் பெருமை.

மார்ச் மூன்றாவது வாரம் துரைசாணியும் மறுபடி மஞ்சளானது. அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். சட்டியின் உள்கூரையில் சிவப்பாகக் கடுகு ஒட்டியதுபோல முட்டைகள். மூன்று நாளில் அவை நெளிய ஆரம்பித்தன. அம்மா அன்றைக்கே மௌரீன் மேடத்துக்கு போன் போட்டாள்.

"மேடம், நம்ம துரைசாணிக்குக் கொழந்த பொறந்திருக்குது. வந்து பாக்கணும் நீங்க."

"ஓ மை காட், ரியலி? ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சுட்டு வரேன் மங்களம். உங்க வீடு ஜீவனஹள்ளிதானே, பக்கம்தான்."

மேடம் வீடு லிங்கராஜபுரம். பக்கம்தான். ஆனால் பத்து வருஷத்தில் அந்த ஆபீசிலிருந்து யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். மூலைகளை.

சனிக்கிழமை எனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு வாக்-இன் இன்டர்வியூ. காலையில் போய் வெயிலில் நின்று, மூன்றாவது சுற்றில் வெளியே அனுப்பப்பட்டு, சாயந்தரம் திரும்பினேன். வீடு ஜொலித்தது. ஃபேன், ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, எல்லாம். தொட்டியும். பாதாம் இலைகள் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மணல் புதிதாக வாங்கியதுபோல வெளுத்திருந்தது.

"தண்ணிய மாத்துனியா?" என்றேன்.

"டிரம்மு தண்ணிதான் ஊத்துனேன், கொழாத் தண்ணி இல்ல. மொண்டு மொண்டு மெதுவாதான் ஊத்துனேன். சட்டிய மட்டும் தொடவேயில்ல, புள்ளைங்க இருக்குதுல்ல" என்றாள். முகமெல்லாம் வியர்வை, சந்தோஷம்.

ஸ்பாஞ்சை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோன்றியது. ஒரு நொடி தோன்றியது. ஆனால் கால் வலித்தது, மனம் வெறுத்திருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பழுப்புத் தண்ணீர் போனதில் எனக்கும் நிம்மதி. மறுநாள் மேடம் வரும்போது என் ரெஸ்யூமைக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். டிகாஷன் நிறத் தொட்டி இருக்கும் வீட்டில் அதைக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மௌரீன் மேடம் கேக் டப்பாவோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். தொட்டி முன்னால் குனிந்து, "ஆபீஸ்லகூட இவ்ளோ க்ளீனா இருந்ததில்ல மங்களம்! வெங்கிய உங்ககிட்ட ட்ரெயினிங் அனுப்பணும்" என்றார்.

அம்மா வெட்கப்பட்டாள். "அவன் அரகொற வேல மேடம். நல்ல பையன்தான்."

துரைசாணி சட்டி வாசலில் காவலுக்கு நின்றது. துரை தேங்காய் ஓட்டுக்குப் பின்னால் கொண்டையை நிமிர்த்திக் காட்டியது. மேடம் போட்டோ எடுத்தார். என் ரெஸ்யூமையும் வாங்கிக்கொண்டார். போகும்போது அம்மாவின் தோளில் கை வைத்து, "யூ ஆர் லக்கி, மங்களம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அன்று முழுவதும் கேக்கை அவள் சாப்பிடவில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை துரை தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டேன். மஞ்சள் வரவில்லை. பச்சை. கரும்பச்சை. டிரம்மிலிருந்து பாதித் தண்ணீர் மாற்றினேன். போதவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது துரை மணலில் பக்கவாட்டில் கிடந்தது. சட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றும் அசையவில்லை. துரைசாணி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றது.

"ஸ்பாஞ்ச என்னம்மா பண்ணே?"

அம்மாவுக்கு என் குரல் புரியவில்லை. நல்ல பதில் கையில் இருப்பவள்போலத்தான் சொன்னாள்: "நல்லா கழுவினேனே. கொழாயில வெச்சு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் பிழிஞ்சேன். மூணு வாட்டி. அப்பறம் மாடியில வெயில்ல காயவெச்சேன். டிஷ்யூ வெச்சு ஒத்திப் பாத்தேன் தீபு, துளி கறயில்ல."

நான் சொன்னது இதுதான். மாற்றாமல் எழுதுகிறேன்.

"க்ளீன் பண்றதத் தவிர உனக்கு வேற என்னதான் தெரியும்?"

அம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை நான்காக மடித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "மழ வர்ற மாதிரி இருக்குது. மாடியில துணி கெடக்குது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று படியேறினாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

துரையை அவள்தான் எடுத்தாள். ஒரு வெற்றிலையில் வைத்துக் கொண்டுபோனாள். எங்கே புதைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

நான் வெங்கிக்கு போன் செய்தேன். மத்தியானமே வந்தான், வேறொரு தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சு ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு. அதை எங்கள் தொட்டிக்குள் பிழிந்தான். தெளிந்த தண்ணீரில் பழுப்பு மேகம்போல அழுக்கு இறங்கியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னாப்பா, அழுக்கப் போயி உள்ள ஊத்தற?"

"இந்த அழுக்குதான் அக்கா அதுங்களக் காப்பாத்தும். இதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடி கணக்குல இருக்குது. மீனு கழிக்கிற வெசத்த அதான் திங்கும். கொழாத் தண்ணி பட்டா செத்துடும். வெயில்ல வெச்சா ஒண்ணும் மிஞ்சாது."

இரண்டே நிமிஷம். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் அவன் வாளித் தண்ணீரில் அலசியது ஏன், நான் வெறும் தொட்டிக்குச் சோறு போட்டது ஏன், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் போய் உட்காருவதைப் பார்த்தேன்.

"அதான் குழாயாண்ட வரமாட்டியா நீ?" என்றாள்.

"ஆமாக்கா."

"இத எனக்கு யாருமே சொல்லலியேப்பா."

அவள் வெங்கியிடம்தான் அதைச் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுவரில் என் பட்டியல் இருந்தது. ஏழாவது வரியில் இருந்தது, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது என்று. பட்டியலின் மேல் ஒரு தூசி இல்லை. சனிக்கிழமை அதையும் துடைத்திருக்கிறாள்.

துரைசாணி பிழைத்தது. ஆனால் அதன் மஞ்சள் மாறவில்லை. காலி சட்டியின் வாசலிலேயே நின்றது. நான் கையை வைத்தால் சீறிக்கொண்டு வந்து முட்டியது. சாப்பிடவில்லை. நான்கு நாள் கழித்து வெங்கி, உயிருள்ள தீனி கொடுத்துப் பார்க்கலாம் என்று, ரவை அளவில் வெள்ளையாகத் துள்ளும் நீர்ப்பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டான். அவை கூட்டமாகத் தண்ணீரில் பரவின. துரைசாணி பாய்ந்தது. நான் "சாப்பிடுதும்மா!" என்று கத்தினேன்.

அது சாப்பிடவில்லை. பூச்சிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. விலகிப்போன ஒன்றை வாயில் மெல்லக் கவ்வி, சட்டி வாசலில் கொண்டுபோய்த் துப்பியது. திரும்ப வந்து இன்னொன்றை எடுத்தது. ஒன்றை வைத்தால் ஒன்று ஓடியது.

"என்னா பண்ணுது வெங்கி?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"சில நேரம் இப்படிப் பண்ணும் அக்கா. குட்டிங்கன்னு நெனச்சுக்குது."

அது இன்னொன்றைத் துப்பும்வரை அம்மா பார்த்தாள். பிறகு, "எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றாள்.

"அக்கா, இனிமே ஒண்ணும் ஆகாது. தண்ணி சரியாயிடுச்சு. நான் வேற ஜோடி பாத்துத் தரேன்."

"வேணாம். நீ இப்ப பாத்துக்கற ஆபீசு தொட்டியில விட்டுடு. அங்க நல்லா இருக்கும்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என் கை சும்மா இருக்காதுப்பா" என்றாள்.

நான், "நீ வெச்சுக்கம்மா, இனிமே நான் சொல்லித் தரேன்" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அதைக் கட்டும்போது வெங்கியிடம், "ஆட்டோல போ. வண்டியில குலுங்கும்" என்றாள். பத்து வருஷ வேலைக்கு அவள் வாய்விட்டுக் கேட்ட ஒன்று, ஒரு மாதம்கூட ஆகாமல், அதே மாதிரி ஒரு பாலித்தீன் பையில் படியிறங்கிப் போனது.

ஏப்ரலில் கான்ட்ராக்டர் அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பார்த்துக் கொடுத்தார். காலை ஆறரைக்குக் கிளம்புகிறாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, இன்டர்வியூ என்னாச்சு, கதவைப் பூட்டிக்கோ, எல்லாம் கேட்கிறாள். மூலைகளைப் பார்ப்பதும் மாறவில்லை. வீட்டில் அவள் துடைக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தத் தொட்டியின் கண்ணாடிதான். ஓரங்களில் பச்சைப் பாசி படிந்துவிட்டது. அலமாரியைத் துடைத்துக்கொண்டே வருபவள், தொட்டி வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தொடர்கிறாள்.

சுவரிலிருந்த பட்டியலை நான் கிழித்துவிட்டேன். ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பாஞ்சு மறுபடியும் நல்ல பழுப்பு. அதை உயிரோடு வைத்திருக்க, தினமும் காலையில் அம்மா கிளம்பும் நேரத்தில் நான் அந்த வெறும் தொட்டிக்கு ஒரு சிட்டிகை உணவு போடுகிறேன். வேண்டுமென்றேதான், அவள் பார்க்கும்படி. மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடி சோறு போடற என்று அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லாமல், முதலிலிருந்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து.

அம்மா கூந்தலை முடிந்துகொண்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு, என் கையையும் தொட்டியையும் ஒரு தடவை பார்க்கிறாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.